குறட்டை விடும் பிள்ளை

பிள்ளைகளுக்கு நித்திரையில் வரும் மூச்சுக் கோளாறுகளில் மிகப் பரவலானது மேல் மூச்சுப்பாதை ஒடுங்குவதால் வருவது. மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரையுள்ள பகுதியே இந்தப் பாதை. அது சற்று ஒடுங்கினால் குறட்டை கேட்கும். மேலும் ஒடுங்கினால் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், ஆனால் காற்று போதிய அளவு உள்ளே போகாது. முற்றாக அடைபட்டால் மூச்சு சில கணங்கள் நின்றுபோய், பிறகு ஒரு செருமலோடு அல்லது உடல் உதறலோடு திரும்பி வரும். உலகின் பல நாடுகளில் எடுக்கப்பட்ட கணக்குகளின்படி, ஏறத்தாழப் பத்துப் பிள்ளைகளில் ஒருவர் வழக்கமாகக் குறட்டை விடுபவர். நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரையில் மூச்சுத்தடை என்று சொல்லத்தக்க நிலையில் இருக்கின்றனர். இரண்டு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் இது உச்சத்தில் இருக்கும். பெரியவர்களில் இந்நோய் ஆண்களையே கூடுதலாகப் பிடிக்கிறது. பருவமடையாத பிள்ளைகளில் ஆண், பெண் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை.

விழித்திருக்கும்போது நன்றாக மூச்சுவிடும் பிள்ளை நித்திரையில் மட்டும் ஏன் திணற வேண்டும் என்பதற்குத் தொண்டையின் அமைப்பில் விடை இருக்கிறது. மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் விறைப்பாக வைத்திருக்கின்றன. தொண்டைக்கு அப்படிப்பட்ட தாங்கல் இல்லை. விழுங்கவும் பேசவும் அது நெளிந்துகொடுக்க வேண்டியிருப்பதால், சுற்றியுள்ள தசைகளின் இழுவிசை ஒன்றே அதைத் திறந்து வைத்திருக்கிறது. நாக்கை முன்னே இழுத்துப் பிடிக்கும் தசை இவற்றில் முக்கியமானது. நித்திரை வந்ததும் இத்தசைகள் தளர்கின்றன. இளநீரைக் கடதாசிக் குழாயால் உறிஞ்சும்போது, குழாய் நனைந்து இளகியபின் பலமாக இழுத்தால் இளநீர் வராது. குழாயின் சுவர்களே உள்நோக்கி ஒட்டிக்கொள்ளும். தளர்ந்த தொண்டையிலும் இதுவே நடக்கிறது. எவ்வளவு பலமாக உள்ளிழுக்கிறதோ அவ்வளவுக்குப் பாதை ஒடுங்குகிறது.

இதனோடு பௌதிகம் சொல்லும் ஒரு விதியும் சேர்கிறது. சீராக ஓடும் பாய்பொருளுக்குக் குழாய் கொடுக்கும் தடை, அதன் ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறானது என்பதைப் பிரான்சிய வைத்தியரான புவாசேய் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரிசோதனைகளால் காட்டினார். ஆரை பாதியாகக் குறைந்தால் தடை இரண்டு மடங்காகாது, பதினாறு மடங்காகும். நான்கு மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு குழந்தையின் மூச்சுப்பாதையில் சுற்றிவர ஒரு மில்லிமீற்றர் வீக்கம் வந்தாலே அந்த நிலை வந்துவிடுகிறது. காற்றோட்டம் கலங்கிச் சுழலும் இடங்களில் தடை இன்னும் மோசமாகும். வளர்ந்தவருக்கு மூக்கடைப்பு வெறும் தொல்லையாக முடிய, அதே தடிமன் கைக்குழந்தையைத் திணறடிப்பது இதனால்தான்.

பாதையை ஒடுக்கும் சதைகளில் முதலிடம் இரண்டுக்கு உரியது. தொண்டையின் இரு பக்கமும் வாயைத் திறந்தால் தெரியும் ரொன்சில் ஒன்று. மூக்கின் பின்னால், அண்ணத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அடினொயிட் மற்றது. இரண்டும் நிணநீர்த் திசுக்கள். வாயாலும் மூக்காலும் நுழையும் கிருமிகளை இனங்காண்பதில் உடலுக்கு உதவுபவை. இரண்டு வயது முதல் ஆறு, ஏழு வயது வரை பிள்ளையின் முகவெலும்பு வளரும் வேகத்தை இத்திசுக்களின் வளர்ச்சி முந்திவிடுகிறது. அந்த ஆண்டுகளில்தான் தொண்டையில் இடம் மிகக் குறைவாக இருக்கும். பிறகு முகம் வளர, சதை சுருங்க, பல பிள்ளைகளுக்குத் தொல்லை தானாகவே குறைகிறது. ஆனால் ரொன்சிலின் பருமனைப் பார்த்து நோயின் கடுமையைச் சொல்லிவிட முடியாது. பெரிய ரொன்சில் இருந்தும் அமைதியாக நித்திரை கொள்ளும் பிள்ளைகள் உண்டு. நடுத்தர அளவு ரொன்சிலோடு இரவெல்லாம் திணறும் பிள்ளைகளும் உண்டு.

பெரியவர்களின் அளவுகோலைப் பிள்ளைகளுக்கு வைக்கக்கூடாது. வளர்ந்தவருக்குப் பத்து விநாடிகள் மூச்சு நின்றால்தான் அது ஒரு தடை என்று எண்ணப்படும். மணிக்கு ஐந்துக்குக் குறைவான தடைகள் வழமையானவையாகக் கொள்ளப்படும். பிள்ளைக்கு இரண்டு மூச்சு தவறினாலே ஒரு தடை. மணிக்கு ஒன்றுக்கு மேல் போனாலே அது வழமைக்கு மாறானது. பத்தைத் தாண்டினால் கடுமையானது. இன்னொரு வேறுபாடும் உண்டு. மூச்சு அடைபட்டால் பெரியவர்கள் அடிக்கடி அரைவிழிப்பு நிலைக்கு வந்து போவார்கள். பிள்ளைகளின் மூளை எளிதில் விழிக்காது. ஆகவே சில பிள்ளைகளில் மூச்சு முற்றாக நிற்பதே இல்லை. மணிக்கணக்காகப் பாதி அடைபட்ட பாதையூடாக இழுத்து இழுத்து மூச்சுவிட, குருதியில் காபனீரொட்சைட்டு மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். மூச்சு நிற்கிறதா என்று மட்டும் கவனிக்கும் பெற்றோருக்கு இது பிடிபடாது.

நேரமும் ஏமாற்றும். கனவு மிகுந்த நித்திரைக் கட்டத்தில் தசைகள் உச்ச அளவுக்குத் தளர்ந்திருக்கும். அந்தக் கட்டம் இரவின் கடைசிப் பகுதியில், விடியற்புறத்தை அண்டியே கூடுதலாக வரும். பத்து மணிக்கு அறைக்குள் எட்டிப் பார்த்து, பிள்ளை நல்ல நித்திரை என்று திரும்பிவிடும் தாய்க்கு அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு நடப்பது தெரியாமல் போகலாம். யாழ்ப்பாணத்து வீடுகளில் பிள்ளைகள் அம்மாவோடு அல்லது அம்மம்மாவோடு ஒரே அறையில் படுப்பது இங்கே பெரும் வசதி. நித்திரை குறைந்த அம்மம்மாவின் சாட்சியத்தை வைத்தியர்கள் அலட்சியம் செய்யாமலிருப்பது நல்லது.

நோய் புதிதல்ல. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் காது வைத்தியராக இருந்த வில்ஹெல்ம் மேயர், அண்ணத்துக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, அடினொயிட் வளர்ச்சியை நோயாக 1868இல் விவரித்தார். பிரித்தானியாவில் வில்லியம் ஹில், பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கான காரணங்களைப் பற்றி 1889இல் எழுதிய கட்டுரையில், இரவில் குறட்டைவிட்டு வாயால் மூச்செடுக்கும் பிள்ளைகளைச் சுட்டிக்காட்டினார். வில்லியம் ஒஸ்லர் 1892இல் வெளியிட்ட மருத்துவப் பாடநூலிலும் நித்திரையில் மூச்சு நின்று, பின்னர் சத்தத்தோடு திரும்பும் பிள்ளையின் தோற்றம் பதிவாகியிருக்கிறது. இவ்வளவும் தெரிந்திருந்தும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவம் இதை மறந்திருந்தது. ரொன்சிலைத் தொற்றுநோய்க்காக அகற்றினார்கள். பிறகு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் வந்ததும் அந்தச் சத்திரசிகிச்சையும் குறைந்தது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரியன் கியோமினோவும் அவரது குழுவினரும் எட்டுப் பிள்ளைகளின் நித்திரையைக் கருவிகளால் அளந்து 1976இல் கட்டுரை வெளியிட்ட பிறகே இது தனி நோயாக மீண்டும் கணக்கில் வந்தது.

பகலில் இந்நோய் காட்டும் முகம் பலரையும் குழப்புகிறது. இரவில் நித்திரை கெட்ட பெரியவர் பகலில் தூங்கி விழுவார். பிள்ளை பெரும்பாலும் அப்படிச் செய்யாது. ஓரிடத்தில் இருக்காது, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழும், சொன்னதைக் காதில் வாங்காது, கொப்பியில் ஒரு வரி எழுதுவதற்குள் பத்து முறை திரும்பிப் பார்க்கும். குழப்படிக்காரப் பிள்ளை என்ற பெயர் எடுத்துவிடும். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு என்று முடிவுகட்டப்படும் பிள்ளைகளுள் ஒரு பகுதியினருக்கு நித்திரைக் கோளாறும் இருப்பதால், முதலில் இரவைப் பற்றி விசாரிப்பது இப்போது நல்ல மருத்துவ நடைமுறையாகக் கொள்ளப்படுகிறது.

படிப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பை டேவிட் கோசால் 1998இல் வெளியிட்ட ஆய்வு முன்னுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் முதலாம் தரத்தில் மிகக் குறைந்த புள்ளிகள் பெற்ற 297 பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, 54 பேருக்கு இரவில் ஒட்சிசன் குறைவதோ காபனீரொட்சைட்டு கூடுவதோ தெரியவந்தது. பெற்றோர் சம்மதித்த 24 பேருக்கு ரொன்சிலும் அடினொயிட்டும் அகற்றப்பட்டன. அடுத்த ஆண்டில் அவர்களின் புள்ளிகள் உயர்ந்தன. சிகிச்சை பெறாதவர்களின் புள்ளிகள் அப்படியே நின்றன. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக மூன்றாம் தரத்திலேயே ரியூசனுக்கு அனுப்பும் ஊரில் இந்த ஆய்வை அறிந்திருப்பது நல்லது. மாலை வகுப்பு முடிந்து ஒன்பது மணிக்கு வீடு வந்து, ஐந்து மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு நித்திரை ஏற்கெனவே பற்றாக்குறை. இருக்கிற நித்திரையிலும் மூச்சுத் திணறினால், இன்னொரு ரியூசன் மாஸ்ரர் செய்யக்கூடியது சொற்பமே.

ஆனால் கோசாலின் ஆய்வு சிறியது. யாருக்குச் சிகிச்சை என்பது பெற்றோரின் விருப்பத்தில் தீர்மானமானது. ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் 464 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய பெரிய ஆய்வொன்று 2013இல் வெளியானது. ஒரு குழுவுக்கு உடனடியாகச் சத்திரசிகிச்சை. மற்றக் குழுவை ஏழு மாதம் பொறுத்திருந்து கவனித்தார்கள். சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 79 வீதத்தினரின் நித்திரை வழமைக்குத் திரும்பியது. நடத்தையும் அன்றாட நலமும் தெளிவாக மேம்பட்டன. ஆனால் கவனத்தை அளக்கும் முறைசார்ந்த பரீட்சையில் இரு குழுவுக்கும் இடையே கணிசமான வேறுபாடு இல்லை. அதற்கும் மேலாக, சத்திரசிகிச்சை இல்லாமலே 46 வீதத்தினரின் நித்திரை அளவீடுகள் வழமைக்கு வந்திருந்தன. ஆகவே கத்தி பட்டால் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வரும் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. லேசான நோயுள்ள பிள்ளையைக் கொஞ்சக் காலம் கவனித்திருப்பதும் நியாயமான வழியே.

உடலில் வேறு விளைவுகளும் உண்டு. வளர்ச்சிக்கான சுரப்பு ஆழ்ந்த நித்திரையில்தான் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த நித்திரை குலைவதோடு, இரவு முழுக்க மூச்சிழுப்பதிலேயே சக்தி செலவாவதால் சில பிள்ளைகள் நிறை கூடாமல் மெலிந்து நிற்பார்கள். உடல் பருத்த பிள்ளைக்கே குறட்டை வரும் என்ற எண்ணம் ஆகவே பாதிதான் சரி. கழுத்தைச் சுற்றிய கொழுப்பு பாதையை ஒடுக்குவதால் பருமன் ஒரு முக்கிய காரணம். அதே வேளை, நிறை ஏறாத பிள்ளையின் பின்னாலும் இந்நோய் ஒளிந்திருக்கலாம். படுக்கையில் சலம் போவதை நிறுத்தியிருந்த பிள்ளைக்கு அது திரும்பவும் தொடங்குவதும் ஒரு அடையாளம். கடுமையான நோய் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் இருந்தால் நுரையீரல் நாளங்களின் அமுக்கம் கூடி, இதயத்தின் வலது பக்கம் தளர்ந்துபோகலாம். இந்த அளவுக்குப் போவது இப்போது அரிது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை எளியவை. கிழமையில் மூன்று இரவுக்கு மேல், தடிமன் இல்லாதபோதும் குறட்டை, உள்ளிழுக்கும்போது நெஞ்சு குழிந்து வயிறு உப்புவது, கழுத்தைப் பின்னால் வளைத்து, தலையணையை விட்டு விலகிப் படுப்பது, கொட்டும் வியர்வை, வாயைத் திறந்தபடி நித்திரை, காலையில் தலையிடி, வாய் வறட்சி, எழுப்ப எழுப்ப எழும்பாமை. வாயால் மூச்செடுத்தே வளரும் பிள்ளையின் முகம் காலப்போக்கில் நீண்டு, மேல் தாடை ஒடுங்கி, முன்பல் தள்ளி நிற்கக் காணலாம்.

மூக்குக்குள் போகும் காற்றின் தரமும் இதில் சேர்த்தி. யாழ்ப்பாணத்தை அடுத்த கொக்குவில் ஒருகாலத்தில் சுருட்டுக் கொட்டில்களுக்குப் பேர்பெற்ற ஊர். குடாநாட்டுச் செம்மண்ணில் விளைந்த புகையிலை இங்கே சுருட்டாகி, தென்னிலங்கைச் சந்தைக்குப் போனது. கொட்டில்கள் குறைந்துவிட்டாலும் வீட்டுக்குள் புகைக்கும் பழக்கம் இன்னும் முற்றாக நிற்கவில்லை. பெற்றோரின் புகை பிள்ளையின் குறட்டையைக் கூட்டுகிறது என்பதற்குப் பல நாட்டு ஆய்வுகளில் ஆதாரம் உண்டு. மூடிய அறைக்குள் எரியும் நுளம்புச்சுருள், மாலையில் போடும் சாம்பிராணி, குசினி விறகுப் புகை எல்லாம் மூக்கின் உட்சவ்வை வீங்கச் செய்யக்கூடியவை. நுளம்புவலை இருந்தால் சுருள் தேவையில்லை. டெங்குக்கு அஞ்சும் ஊரில் வலையை விடச் சொல்ல முடியாது, சுருளைத் தாராளமாக விடலாம். ஈரப்பதன் மிகுந்த கரையோரக் காலநிலையில் பழைய பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் தூசுப்பூச்சிகள் பெருகும். வீட்டில் பீனிசம் என்று சொல்லப்படும் ஓயாத மூக்கடைப்புக்குப் பல வேளைகளில் இவற்றின் ஒவ்வாமையே காரணம். மெத்தை, தலையணையை வெயிலில் காயவைப்பதும் உறைகளைச் சுடுநீரில் தோய்ப்பதும் செலவில்லாத வைத்தியம்.

இரவில் மூச்சோடு தொடர்புடைய எல்லாத் தொல்லையும் தொண்டை அடைப்பு அல்ல. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் மூச்சை நடத்தும் மூளைப்பகுதி முதிராததால், இருபது விநாடிக்கு மேலும் மூச்சு நிற்கலாம். 28 கிழமைக்கு முன் பிறந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இது வரும். பிறக்க வேண்டிய காலம் நெருங்க நெருங்கக் குறைந்துவிடும். இதற்குக் கொடுக்கப்படும் மருந்து, தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கபேன்தான். அளவறிந்து வைத்தியசாலையில் கொடுக்க வேண்டிய அந்த மருந்தின் பயனை 2006இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று உறுதிப்படுத்தியது. கைக்குழந்தையை ஏணையில் போடுவது நம் வழக்கம். துணி வளைவில் தாடை நெஞ்சில் முட்டி மடிந்தால் பாதை ஒடுங்கும் என்பதால், குறைமாதக் குழந்தையையும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையையும் நெடுநேரம் ஏணையில் கவனிப்பின்றி விடாமல், சமதரையில் மல்லாத்திப் படுக்கவைப்பது பாதுகாப்பு. அழுது அழுது மூச்சடைத்து நீலம்பாரிப்பது விழித்திருக்கும்போது நடப்பது, அது வேறு. விடியற்புறத்தில் இருமலும் இழுப்புமாக எழும்பும் பிள்ளைக்கு ஆஸ்துமாவை நினைக்க வேண்டும். அதில் சத்தம் மூச்சை வெளிவிடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து வரும். குறட்டை தொண்டையிலிருந்து, உள்ளிழுக்கும்போதே கூடுதலாக வரும். இரண்டும் ஒரே பிள்ளையில் சேர்ந்திருப்பதும் உண்டு. டவுன் குறைபாடுள்ள பிள்ளைகளில் சிறிய நடுமுகமும் தளர்ந்த தசையும் சேர்வதால் பாதிப்பேருக்கு மேல் மூச்சுத்தடை காணப்படுகிறது. அவர்களுக்குக் குறட்டை கேட்காவிட்டாலும் நான்கு வயதுக்குள் நித்திரைப் பரிசோதனை செய்யும்படி அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் பரிந்துரைக்கிறது.

நோயை ஐயமின்றி உறுதிப்படுத்துவது இரவு முழுவதும் நடக்கும் நித்திரைப் பரிசோதனை. மூளையலை, கண்ணசைவு, மூக்கின் காற்றோட்டம், நெஞ்சின் அசைவு, ஒட்சிசன், காபனீரொட்சைட்டு எல்லாம் ஒருங்கே பதிவாகும். எங்கும் எளிதில் கிடைக்கும் பரிசோதனை அல்ல இது. ஆகவே உலகின் பெரும்பகுதியில் வைத்தியர்கள் வேறு வழிகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். விரலில் மாட்டி ஒட்சிசனை அளக்கும் கருவியின் தத்துவத்தை ஜப்பானியப் பொறியியலாளர் தாக்குவோ அயோயாகி 1970களில் கண்டறிந்தார். கொவிட் காலத்தில் அது வீடுகளுக்கும் வந்துவிட்டது. இரவு முழுவதும் பதிவுசெய்யும் வகைக் கருவியில் ஒட்சிசன் கூட்டம்கூட்டமாக விழுவது தெரிந்தால் நோய் உண்டு என்று சொல்லலாம். விழாவிட்டால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. கடையில் வாங்கிய கருவியை நித்திரையிலிருக்கும் பிள்ளையின் விரலில் ஒரு நிமிடம் மாட்டி எடுக்கும் அளவுக்கு மதிப்பு மிகக் குறைவு. அதைவிட விடியற்புறத்தில் கைத்தொலைபேசியில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளி பெறுமதியானது. சட்டையைக் கழற்றி, நெஞ்சும் கழுத்தும் தெரிய, சத்தமும் பதிவாக எடுக்க வேண்டும்.

கொக்குவிலில் இருப்பவர்கள் வைத்திய ஆலோசனைக்காகத் தூரம் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் இங்கேயே, ஆடியபாதம் வீதியில் இருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் அண்மையில்தான். இலங்கையில் 1, 4, 7, 10ஆம் தரப் பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. பல்லும் கண்ணும் நிறையும் பகலில் தெரியும், குறட்டை தெரியாது. எனவே பிள்ளை இரவில் எப்படி மூச்சுவிடுகிறது என்பதைப் பெற்றோரே எடுத்துச் சொன்னாலன்றி அந்தப் பரிசோதனையில் இந்நோய் அகப்படாது. சந்தேகம் இருந்தால் பிள்ளைகள் குழந்தை வைத்தியரிடமோ காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கோ அனுப்பப்படுவார்கள்.

சிகிச்சையில் முதன்மையானது ரொன்சிலையும் அடினொயிட்டையும் சேர்த்து அகற்றுவது. தொண்டையில் கத்தி வைத்தால் குரல் போய்விடும், எதிர்ப்புச் சக்தி குறையும் என்ற பயம் பரவலானது. குரல்வளை இதற்கு வெகு கீழே இருக்கிறது. மூக்கடைத்த குரல் தெளிவாவதே வழக்கம். நிணநீர்த் திசு உடலில் வேறு பல இடங்களிலும் இருப்பதால், அகற்றியபின் பிள்ளை அடிக்கடி நோயில் விழுவதாகத் தெரியவில்லை. உண்மையான ஆபத்து குருதிக்கசிவு. முதல் நாளிலோ, புண்ணின் வெண்படலம் உதிரும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையிலோ அது வரலாம். வாயால் புதுக் குருதி வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களையும் கடுமையான நோயுள்ளவர்களையும் அன்றிரவு வைத்தியசாலையில் வைத்துக் கவனிப்பார்கள். வலிக்குப் பரசிற்றமோல் போதும். கொடேன் கொடுக்கக்கூடாது: அதைச் சில பிள்ளைகளின் ஈரல் மிக விரைவாக மோபீனாக மாற்றிவிடும், மூச்சு அடங்கிப்போகும். அவ்வாறு பிள்ளைகள் இறந்தபிறகு, ரொன்சில் சத்திரசிகிச்சைக்குப் பின் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013இல் எச்சரித்தது.

லேசான நோய்க்கு மூக்கில் அடிக்கும் ஸ்ரீரொயிட் மருந்து சில கிழமைகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் அது நன்றாக வேலை செய்யும். மொன்ரெலுகாஸ்ற் மாத்திரையும் உதவுவதுண்டு. ஆனால் சில பிள்ளைகளில் மனக்குழப்பத்தையும் கெட்ட கனவுகளையும் கொண்டுவருவதால், வைத்தியர் சொல்லாமல் தொடரக்கூடாத மருந்து அது. மேல் தாடை ஒடுங்கியவர்களுக்குப் பல்வைத்தியர் தாடையை மெல்ல விரிக்கும் கருவியைப் பொருத்தலாம்.

பருத்த பிள்ளைகளிலும், டவுன் குறைபாடு, முகவெலும்புக் குறைபாடு, தசைநோய் உள்ளவர்களிலும் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் தடை மீந்திருக்கக்கூடும். மூன்று மாதம் கழித்தும் குறட்டை நின்றபாடில்லை என்றால் மறுபடி பரிசோதிக்க வேண்டும். அவர்களுக்குச் சிட்னியில் கொலின் சலிவன் 1981இல் அறிமுகப்படுத்திய முறை இருக்கிறது: முகமூடி வழியாக மெல்லிய அமுக்கத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை மடங்காமல் தாங்கிப் பிடிப்பது. பிள்ளையை அதற்குப் பழக்கப் பல கிழமைகள் பிடிக்கும். பகலில் விளையாட்டுப்போல முகமூடியை அணிவித்து ஆரம்பிப்பதே வழி. வளரும் முகத்தில் முகமூடி தொடர்ந்து அழுத்தினால் நடுமுகத்தின் வளர்ச்சி தடைப்படலாம் என்பதால், அதன் அளவை வைத்தியர் காலத்துக்குக் காலம் பார்த்து மாற்றிக் கொடுப்பார்.